போட்டிக்கு ரிவால்வர் வாங்கலாமா?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன், வயது 34. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது .22 ரைபிள் சுட்ட ஆசை இன்னும் விடவில்லை. கைத்துப்பாக்கிப் போட்டிகளில் இறங்கலாம் என்று ஒன்றரை லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். ரிவால்வர்தான் மக்கர் பண்ணாது என்கிறார்கள். .22, .32, .38 மூன்றில் எதை வாங்கலாம்?

பதில்: அந்தப் பணத்தை ரிவால்வரில் போடாதீர்கள். போட்டிக்கென்று இப்போது ரிவால்வர் வாங்கினால் காசும் போகும், ஆசையும் போகும்.

.38 பேச்சை முதலில் முடித்துவிடலாம் (இந்த எண்கள் குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் சொல்பவை). .38, 9 மி.மீ. போன்ற போலீஸ், ராணுவ ரகங்கள் சாதாரணக் குடிமகனுக்குத் தடை செய்யப்பட்டவை. கலெக்டர் அலுவலகம் தரும் உரிமத்தில் அவை வராது. மிஞ்சுவது .32, .22 இரண்டும்தான்.

.32க்குப் போட்டியில் நல்ல மரியாதை உண்டு. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிஸ்டல் என்ற பிரிவில் 7.62 முதல் 9.65 மி.மீ. வரையிலான போர் (குழலின் உள்விட்டம்) செல்லும், ரிவால்வருக்கும் தடை இல்லை. பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங் தோட்டா. சுடும்போது கையில் உதை குறைவு. முனை தட்டையான வாட்கட்டர் குண்டு, பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி இலக்கு அட்டையில் வட்டமாகத் துளை போடும். வளையத்தைத் தொட்டதா இல்லையா என்ற தகராறுக்கு இடமிருக்காது. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் நம் நாட்டு வீரர் ஜஸ்பால் ராணா 590 புள்ளி எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்தப் பிரிவில்தான்.

ஆனால் அந்தப் பிரிவின் நடைமுறையைப் பாருங்கள். மொத்தம் 60 குண்டு. முதல் 30 நிதானமாகச் சுட வேண்டியவை, 5 குண்டுக்கு 5 நிமிடம். அடுத்த 30 வேகம். அட்டை 3 விநாடி முகம் காட்டும், 7 விநாடி மறையும். 45 டிகிரி தாழ்த்தி வைத்த கையை உயர்த்தி, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு குண்டு, அதுவும் ஒற்றைக் கையால். ரிவால்வர் என்றால் அந்த 7 விநாடிக்குள் கட்டைவிரலால் பின்பக்கச் சுத்தியான ஹேமரை இழுத்து வைக்க வேண்டும். இழுக்கும்போதெல்லாம் பிடி கொஞ்சம் கலையும். ஹேமரை இழுக்காமல், ட்ரிக்கரை மட்டும் அழுத்தும் டபுள் ஆக்‌ஷனில் சுடலாம் என்றால் ட்ரிக்கர் நீளமாகவும் கனமாகவும் வந்து முனையை ஆட்டிவிடும். பிரான்ஸின் மனுரின் எம்.ஆர். 32 போல இதற்கென்றே செய்த நல்ல ரிவால்வர்கள் உண்டு. இருந்தும் அடுத்த குண்டைத் தானே ஏற்றிக்கொள்ளும் வால்தர், பார்டினி போன்ற .32 பிஸ்டல்கள் வந்தபின் போட்டியாளர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

சரி, நம் ஊரில் உரிமம் உள்ளவருக்குக் கிடைப்பது என்ன? 2014-ல் 1,22,360 ரூபாய்க்கு அறிமுகமான நிர்பீக், 2023-ல் வந்த பிரபல் போன்ற கான்பூர் தயாரிப்புகள். இரண்டும் .32தான், ஆனால் தற்காப்புக்காகச் செய்தவை. பிரபலின் குழல் 76 மி.மீ. அவ்வளவு குட்டையான துப்பாக்கியில் குறிபார்க்கும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடைவெளி ஏறத்தாழ 125 மி.மீ. இருக்கும் என்று வையுங்கள். முன் சைட் அரை மி.மீ. விலகினால் 25 மீட்டர் தூரத்தில் குண்டு 100 மி.மீ. தள்ளிப் போகும். போட்டி விதி அனுமதிக்கும் 220 மி.மீ. இடைவெளியில் அதே பிசகு 57 மி.மீ.தான். நிதானச் சுற்று அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் மொத்த அகலமே 50 மி.மீ. என்பதை நினைத்துப் பாருங்கள். கையில் எவ்வளவு திறமை இருந்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

.22 ரிவால்வரும் தீர்வில்லை. ஒலிம்பிக்கில் 25 மீட்டரில் இருப்பது .22 பிஸ்டல். நம் துப்பாக்கி வீரர் விஜய் குமார் 2012 லண்டனில் வெள்ளி வாங்கியதும் அதில்தான். நல்ல போட்டி பிஸ்டல்கள் வெளிநாட்டுச் சரக்கு. தேசியப் போட்டியில் தகுதிப் புள்ளி எடுத்தவர்களுக்கு இறக்குமதிக்கு வழி இருக்கிறது, புதிதாக வருபவருக்கு இல்லை. அதுவரை ரைபிள் கிளப்பில் சேர்ந்து, கிளப் உரிமத்தில் உள்ள .22 பிஸ்டலை அவர்கள் ரேஞ்சிலேயே சுட்டுப் பழகலாம். உங்கள் பெயரில் உரிமம் தேவையில்லை.

அப்புறம், ஓசூர்க்காரர் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். பயிற்சிக்குப் பெங்களூரு பக்கம் என்று நினைப்பீர்கள். ஆயுத உரிமத்தில் அது எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று எழுதியிருக்கும். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் அந்த ரிவால்வரைக் கர்நாடக எல்லையான அத்திப்பள்ளி தாண்டி எடுத்துப் போவது குற்றம். காற்றழுத்தத்தில் சுடும் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டலுக்கு உரிமமே வேண்டாம் என்பதால் இந்தத் தொல்லையே கிடையாது. உங்கள் ஒன்றரை லட்சத்தை அதில் போடுங்கள்.

கேள்வி: தருமபுரியில் கடை வைத்திருக்கிறேன். தற்காப்புக்கு .32 உரிமம் கிடைத்திருக்கிறது. பணி ஓய்வு பெற்ற மாமா தன் பழைய ரிவால்வரை மலிவாகத் தருகிறார். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: மாமாவே ஆனாலும் கைமாற்றாக வாங்கக் கூடாது. தனி ஆள் விற்பதென்றால் கலெக்டருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்து மூலம் தெரிவித்து 45 நாள் கழிந்த பிறகே விற்க முடியும். அந்த அவகாசத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் காட்டிச் சோதித்துவிடுங்கள்.

தோட்டா போடும் உருளையான சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணால் பார்த்த பிறகே மற்ற வேலை. ஹேமரை இழுத்து மெல்ல இறக்கி, ட்ரிக்கரை விடாமல் அழுத்திப் பிடித்தபடி சிலிண்டரை இரண்டு விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லொடலொடவென்று ஆடினால் அறையும் குழலும் நேராக நிற்கவில்லை. அப்படிப்பட்டது சுடும்போது ஈயத்தைச் சீவிப் பக்கவாட்டில் தெறிக்க வைக்கும். ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள், ஒன்று மட்டும் தேய்ந்திருப்பதும் உண்டு. குழலுக்குள் வெளிச்சம் விட்டால் புரிகள் (சுழல் பள்ளங்கள்) பளிச்சென்று தெரிய வேண்டும். கருப்புக் குழிகள் தெரிந்தால் துரு தின்றிருக்கிறது, விலை எதுவானாலும் வேண்டாம்.

குழலில் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரையும் படியுங்கள். .32 பிஸ்டல் தோட்டா வேறு, ரிவால்வருக்கான .32 லாங் வேறு. பிஸ்டல் தோட்டா சில பழைய ரிவால்வர்களில் உள்ளே போய்விடும், ஆனால் அதன் அழுத்தம் அதிகம். போகிறதே என்று சுட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தேன்கனிக்கோட்டைப் பக்கம் விவசாயம். பயிர்க்காப்புக்கு அப்பா பெயரில் உரிமத்தோடு ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி இருக்கிறது. போட்டியில் இதைச் சுடலாமா?

பதில்: முடியாது. நான் மேலே சொன்ன எந்தப் பிரிவிலும் அதற்கு இடமில்லை. உரிமம் அப்பாவுக்கு, அதுவும் பயிர்க்காப்புக்கு. நீங்கள் எடுத்துச் செல்வதே சட்டப்படி சிக்கல்.

கேள்வி: பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து எழுதுகிறேன். மனு பாக்கர் பாரிஸில் பதக்கம் வாங்கியதிலிருந்து 13 வயது மகளுக்கு ஏர் பிஸ்டல் மேல்தான் நினைப்பு. பழையது ஒன்று விலைக்கு வருகிறது. உரிமம் வேண்டுமா, என்ன பார்க்க வேண்டும்?

பதில்: சந்தோஷமான கேள்வி. 4.5 மி.மீ.க்கு மிகாத போரும் குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். போட்டி ஏர் பிஸ்டல்கள் இந்த வரம்புக்குள் அடங்கும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், பயணத்தில் யாராவது கேட்டால் காட்ட உதவும்.

பழையதில் முதலில் காற்று சிலிண்டரின் தேதியைப் பாருங்கள், அதன் மேலேயே பொறித்திருக்கும். போட்டியில் தயாரிப்பு தேதியிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் போன சிலிண்டரை ஏற்க மாட்டார்கள். புது சிலிண்டர் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். அடுத்தது மரப்பிடி. பெரியவர் கைக்குச் செதுக்கியது உங்கள் மகளுக்குச் சேராது. அவள் கையால் பிடித்துப் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள். வலது கைப் பிடியா, இடது கைப் பிடியா என்பதும் முக்கியம். ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். அதைச் சோதிக்கும் எடைக்கட்டி கிளப்பில் இருக்கும்.

சிலிண்டரில் காற்று நிரப்புவது நம் பக்கத்தில் சிரமம்தான். அதற்கென்றே உள்ள கைப்பம்பு ஒன்றை விலையோடு சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள். வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பக்கத்திலேயே போகாதீர்கள். எண்ணெய்ப் பசை பட்ட இடத்தில் அது வெடிக்கும். ஏர் பிஸ்டல் குண்டான பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் கையைச் சோப்பு போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட உட்காரச் சொல்லுங்கள்.