கரியை ஊறவைத்துப் போடுங்கள்

கேள்வி: அண்ணாச்சி, திசையன்விளைக்கு மேற்கே எங்கள் தோட்டம். செம்மணல், காலையில் பாய்ச்சிய தண்ணீர் சாயங்காலம் இருப்பதில்லை. முருங்கை வைத்திருக்கிறோம். வெட்டிய உடைமரக் கொப்புகள் வேலியோரம் குவிந்து கிடக்கின்றன. அதை ‘பயோசார்’ ஆக்கி மரத்துக்குப் போடச் சொல்கிறான் என் தம்பி. விறகை மண்ணால் மூடிச் சுட்ட மூட்டக் கரியை வாங்கி நுணுக்கிப் போட்டால் போதாதா?
- வாசகர், ராதாபுரம் வட்டம்

பதில்: போடலாம். பயோசாரும் காற்று அதிகம் படாமல் வேகவைத்த கரிதான். ஆனால் மூட்டை விலை கொடுத்து வாங்கி மண்ணில் கொட்ட நமக்குக் கட்டாது. மூட்டம் பிரித்துக் கரியை அள்ளிய பிறகு களத்தில் தூள் மிஞ்சும். வாங்குவதானால் அதைக் கேட்டு வாங்கிச் சலித்துக்கொள்ளுங்கள்.

கையில் கொப்பு இருக்கும்போது அதுவும் எதற்கு? 3 அடி ஆழம், மேலே 5 அடி அகலம், அடியில் குறுகலாக ஒரு குழி வெட்டுங்கள். காய்ந்த கொப்பை அடுக்கி உச்சியில் தீ வையுங்கள். மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு. வருகிற காற்றெல்லாம் மேலே எரியும் தீக்கே போய்விடும், அதனால் அடியில் கிடப்பது சாம்பலாகாமல் கரியாக நிற்கும். குழி நிறைந்ததும் தண்ணீர் ஊற்றி அணையுங்கள். உள்ளே ஒரு கங்கு இருந்தாலும் விடிவதற்குள் எல்லாம் சாம்பல்தான். தண்ணீருக்குத் தட்டுப்பாடு என்றால் மண் போட்டு இறுக மூடி, நன்றாக ஆறிய பிறகு அள்ளலாம். ஒரு துண்டைக் கையில் தேய்த்து வெறும் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். கறுப்பு போய்விட்டால் நன்றாக வெந்திருக்கிறது. பிசுபிசுத்தால் அரைவேக்காடு.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். முதல் தடவை செய்த கரியை நான் அப்படியே கத்தரிப் பாத்தியில் கொத்திவிட்டேன். இரண்டு வாரத்தில் இலையெல்லாம் வெளிறிப்போனது. கரி போடாத பக்கத்துப் பாத்தி பச்சையாக நின்றது. கரி முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். வெறுங்கரியாகப் போட்டால், செடிக்குப் போக வேண்டிய தழைச்சத்தை அது பிடித்து வைத்துக்கொள்ளும். அன்றைக்கு வாடிய செடிகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

அதனால் முதலில் கரிக்குத் தீனி கொடுங்கள். ஈரத்தோடு சாக்கில் கட்டி மிதித்து நெல்மணி அளவுக்கு உடையுங்கள். காய்ந்த கரித்தூள் நெஞ்சுக்கு ஆகாது. ஒரு பங்கு கரிக்கு ஒரு பங்கு மட்கிய தொழுவுரம் கலந்து, கோமியமும் சாணிக் கரைசலும் தெளித்து, நிழலில் 3 வாரம் காயவிடாமல் வையுங்கள். மாடு இருந்தால் வேலை இன்னும் லேசு. அது படுக்கும் இடத்தில் கரியைத் தூவுங்கள், மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும், வாடையும் குறையும். அப்புறம் சாணியோடு சேர்த்துக் குப்பைக்குழிக்குத் தள்ளலாம். நான் இப்போது செய்வது இதுதான்.

முருங்கைத் தூரிலிருந்து 2 அடி தள்ளி வட்டமாகக் குழி பறித்து, மரத்துக்கு 2 கிலோ கரி வரும்படி கலவையைப் போட்டு மண்ணால் மூடுங்கள். மேலாக விட்டால் உங்கள் ஊர் ஆடிக்காற்று மிச்சம் வைக்காது. கரி உரம் இல்லை. தண்ணீரையும் சத்தையும் வேரடியில் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். எரு போடுவதை நிறுத்தாதீர்கள். ஆனால் எருவைப் போலக் கரி சீக்கிரம் மட்கிப் போகாது. அமேசான் காட்டில் பல நூறு ஆண்டுகளுக்கு முன் அங்குள்ள மக்கள் கரியும் குப்பையும் சேர்த்த மண் இன்றைக்கும் கறுப்பாக, வளமாக இருக்கிறது.

கிணற்றுத் தண்ணீர் உப்பா? அப்படியானால் முதலில் மண் பரிசோதனை செய்யுங்கள். கரிக்குக் காரத்தன்மை உண்டு. மண்ணே காரம் மிகுந்த களராக இருந்தால் இரண்டு மரத்துக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். புரட்டாசியில் கலவையை ஊறப்போட்டால் ஐப்பசி மழைக்கு மரத்தடியில் சேர்த்துவிடலாம்.