பிள்ளையை இழந்தவர்களும் துப்பறியும் கதையும்

கேள்வி: நான் ஒரு குற்றக் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய குழியில் மூழ்கி ஒரு பையன் செத்துப்போகிறான். விபத்து என்று போலீஸ் முடித்துவிட, கொலைதான் என்று அப்பா நம்புகிறார். ‘ஃப்ராய்டைப் படி, அந்த அப்பாவின் மனசு பிடிபடும்’ என்கிறார் நண்பர். உதவுமா? (வாசகர், திருவையாறு)

பதில்: உதவும். உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃப்ராய்டின் கட்டுரை ஒன்று 1917-ல் வெளிவந்தது. அது துக்கத்தையும் மெலங்கோலியாவையும் (இழப்பிலிருந்து மீளாமல் மனச்சோர்வில் உறைந்துவிடுகிற நிலை) பிரித்துக் காட்டுகிறது. துக்கப்படுகிறவர் ஒவ்வொரு நினைவாக எடுத்துப் பார்த்து, இறந்தவர்மேல் வைத்த பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறார், ஒருநாள் அந்த வேலை முடிகிறது. மெலங்கோலியாவிலோ வேறொருவர்மேல் போக வேண்டிய குற்றச்சாட்டு தன்மேலேயே திரும்பிவிடும். உங்கள் அப்பா பாத்திரத்துக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம். ‘அன்னைக்கு ஏன் அவனை ஆத்துக்குப் போகவிட்டேன்’ என்று ராத்திரியெல்லாம் தன்னையே குத்திக்கொள்கிற மனுஷனுக்கு ஒரு கொலைகாரன் கிடைத்தால் அந்தப் பழியை அவன் தலையில் இறக்கிவைக்கலாம், அதனால் அவருடைய சந்தேகம் குழியிலிருந்து வருகிறதா குற்ற உணர்விலிருந்து வருகிறதா என்று வாசகருக்குக் கடைசிவரை தெரியாமல் வைத்திருங்கள், கதை அங்கேதான் இருக்கிறது.

‘பாபநாசம்’ படத்தில் வருகிற ஐஜி அம்மாவை நினைத்துப் பாருங்கள். காணாமல்போன மகன் ஒரு பெண்ணை ரகசியமாகப் படமெடுத்து மிரட்டியது தெரிய வந்த பிறகும், அவனைக் கொன்றதாகச் சந்தேகிக்கிற அந்தப் பெண்ணின் குடும்பத்தை அவர் விடுவதில்லை. ‘இப்படி வளர்த்துவிட்டோமே’ என்பதைத் தாங்க முடியாமல்தான் அவ்வளவு ஆத்திரம் என்று நான் படிக்கிறேன். உடலும் கிடைக்கவில்லை. காரியம் பண்ணக்கூட வழியில்லாத துக்கம் எப்படி முடியும்?

ஆனால் கட்டுரையோடு நிறுத்திவிடாதீர்கள். 1920-ல் ஃப்ராய்டின் மகள் சோஃபி இன்ஃப்ளூயன்சாவில் இறந்தார், மூன்று வருஷத்தில் அந்த மகளின் சின்னப் பையனும் போய்விட்டான். 1929-ல், மகனைப் பறிகொடுத்த பின்ஸ்வாங்கர் என்ற நண்பருக்கு ஃப்ராய்டு எழுதுகிறார்: துக்கத்தின் உக்கிரம் தணியும், ஆனால் ஆறுதல் கிடைக்காது, அந்த இடத்துக்கு வேறு எதுவும் வராது என்ற பொருளில். துக்கம் ஒருநாள் முடியும் என்று கட்டுரையில் எழுதியவரே இப்படிச் சொல்கிறார். பெற்றவர்கள் விஷயத்தில் கடிதம் எழுதிய ஃப்ராய்டுதான் எனக்கு நம்பகமானவர். பெரும்பாலான துப்பறியும் கதைகள் கொலைகாரன் பிடிபட்டதும் அப்பா அம்மாவின் துக்கத்தையும் சேர்த்து முடித்துவிடுகின்றன, அது எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை.

ஃப்ராய்டுக்குப் பின் வந்த உளப்பகுப்பாய்வாளர் மெலனி க்ளைனையும் படியுங்கள். அவருடைய மகன் 1934-ல் மலையில் விபத்தில் இறந்தான். 1940-ல் எழுதிய கட்டுரையில் மகனை இழந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறார், அது அவரேதான் என்று பலரும் கருதுகிறார்கள். அந்தப் பெண் ஆரம்பத்தில் அதிகம் அழவில்லை. உட்கார்ந்து கடிதங்களைப் பிரிக்கிறாள், மகனுடையதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தூக்கிப்போடுகிறாள். மகனை உள்ளே பத்திரமாக வைத்துக்கொண்டு வேண்டாததை வெளியே தள்ளுகிற முயற்சி அது என்கிறார் க்ளைன். இதையே உங்கள் கதையில் அம்மா செய்யட்டும், விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் பார்த்தால் என்ன நினைப்பார்? அழாத தாய், காகிதங்களைக் கிழிக்கிறாள், தடயத்தை அழிக்கிறாள் என்றுதானே!

கேள்வி: மனுநீதிச் சோழன் கதையை இந்த மாதிரி படிக்க முடியுமா? (வாசகி, திருவாரூர்)

பதில்: தாராளமாக. கன்றை இழந்த பசு மணியடித்து முறையிடுகிறது. பசுவின் வேதனையைத் தானும் படுவதுதான் நீதி என்று சோழன் சொந்த மகன்மேல் தேரை ஓட்டுகிறான். பசு நியாயம் கேட்டதே தவிர இளவரசன் உயிரைக் கேட்கவில்லை, இன்னொரு பெற்றவரும் பிள்ளையை இழக்க வேண்டும் என்பது அரசனே எடுத்த முடிவு. பழிவாங்கும் கதைகள் அத்தனையிலும் ஓடுகிற கணக்கு இதுதான், இங்கே அதை அரசன் தன்மேலேயே போட்டுக்கொள்கிறான் என்பதுதான் வித்தியாசம். பெரியபுராணத்தில் கடைசியில் கன்றும் மகனும் உயிரோடு எழுந்து வருகிறார்கள். எல்லாப் பெற்றவர்களும் ரகசியமாக ஆசைப்படுவது அதைத்தான், சேக்கிழார் அதைத் தயங்காமல் கொடுத்துவிட்டார்.