சயாம் சம்பந்தம்: வாசகர் கேள்வி பதில்

தாய்லாந்துக் கிராமங்களில் மணமுடித்துக் குடியேறிய நம்மவர் குடும்பங்களைப் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

பட்டர்வொர்த் வாசகி: மகன் உடோன் தானி பக்கம் ஒரு கிராமத்தில் மனைவியோடு இருக்கிறான். ஓராண்டுத் தங்கல் அனுமதி வைத்திருந்தான். தீபாவளிக்கு வந்து திரும்பியபோது எல்லையில் சுற்றுப்பயணி முத்திரை குத்திவிட்டார்களாம். வங்கியில் 400,000 பாட் அப்படியே இருக்கிறது. பிறகு ஏன்?

பணத்தில் குறையில்லை அம்மா. திரும்பி நுழைவதற்கான ரீ-என்ட்ரி பெர்மிட் எடுக்காமல் கிளம்பிவிட்டார், அதுதான் கோளாறு. ஓராண்டு அனுமதி நாட்டுக்குள் இருக்கும்வரைதான் செல்லும். பெர்மிட் இல்லாமல் எல்லையைத் தாண்டினால் அன்றோடு ரத்து. ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. திருமணம், கருமாதி, திருவிழா என்று வருடத்தில் நான்கு தடவை பினாங்குக்கு வருகிறவர் பலமுறை பெர்மிட்டே எடுக்கலாம். ஆனால் எப்போது எடுக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். மனைவி வழி விண்ணப்பத்துக்கு முதலில் பரிசீலனை முத்திரைதான் குத்துவார்கள், ஏறத்தாழ ஒரு மாதத்துக்கு. அந்த இடைவெளியில் வாங்கிய பெர்மிட் அந்தத் தேதியோடு முடிந்துவிடும். ஓராண்டு முத்திரை விழுந்த அன்று, அதே அலுவலகத்தில் வாங்கினால் வருடம் முழுவதும் செல்லும்.

இனி அவர் குடியேறாதோர் 'ஓ' விசாவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். 400,000 பாட் விண்ணப்பத்துக்கு முன் இரண்டு மாதம் அவர் ஒருவர் பெயரிலுள்ள கணக்கில் கிடக்க வேண்டும். கூட்டுக் கணக்கு சிக்கலைத்தான் கொண்டுவரும். வங்கிக் கடிதமும் பாஸ்புக் பதிவும் விண்ணப்பிக்கும் நாளுக்குரியதாக இருக்கட்டும். மாவட்ட அலுவலகமான அம்போவில் புதிதாக எடுத்த கோர் ரோர் 2 திருமணப் பதிவு நகல், வீட்டுக்குள்ளும் வாசலிலும் தம்பதியாக எடுத்த படங்கள், வீட்டுக்கு வழிகாட்டும் வரைபடம், சாட்சி சொல்ல ஓர் அண்டை வீட்டார், இவ்வளவும் கேட்பார்கள். 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்குத் தரும் முகவரி அறிவிப்பைக் கெடுவுக்கு 15 நாள் முன்பிருந்து 7 நாள் பின்புவரை தரலாம். வெளிநாடு போய்வந்தால் அந்த 90 நாள் எண்ணிக்கை முதலிலிருந்து ஆரம்பம்.

பிறை வாசகர்: சூரின் மாநிலத்தில் மாமியாருக்குச் சொந்தமான வயலோரத்தில் வீடு கட்டப் போகிறேன். பணம் என்னுடையது. பிற்காலத்தில் எனக்கு என்ன பிடிமானம்?

நிலம் உங்கள் பெயருக்கு வராது ஐயா. தாய்லாந்துச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. மனைவி பெயரில் வாங்கினால்கூட, அந்தப் பணம் அவருடைய தனிச்சொத்து என்று நில அலுவலகத்தில் உங்களிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியது 'சித்தி கெப் கின்' எனும் அனுபவ உரிமை. ஆயுள்வரை குடியிருந்து பயன் எடுக்கும் இந்த உரிமையைப் பட்டாவின் பின்பக்கத்திலேயே பதிவார்கள். கணவன் மனைவிக்குள் செய்துகொண்ட சொத்து ஒப்பந்தத்தை எந்த நேரத்திலும் ரத்து செய்யச் சிவில் சட்டத்தின் 1469ஆம் பிரிவு வழிவிடுகிறது. மாமியார் எழுதிக் கொடுத்தால் அந்த ஓட்டை இல்லை. எனவே நிலத்தை மகள் பெயருக்கு மாற்ற இப்போது அவசரப்படாதீர்கள். மாமியார் பெயரில் இருக்கும்போதே உரிமையைப் பதிந்துகொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் நிலப் பத்திரத்தைக் கையில் வாங்கி அதன் தலைப்பிலுள்ள கருட முத்திரையின் நிறத்தைப் பாருங்கள். சிவப்புக் கருடன் 'சனோட்', முழுப் பட்டா. பச்சை என்றால் ஒரு படி கீழே. 'சோர் போர் கோர் 4-01' என்று இருந்தால் அது நிலச்சீர்திருத்தத்தில் உழவருக்குக் கொடுத்த நிலம். வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. அதன்மேல் பெரிய வீடு எழுப்பப் பணம் கொட்டுவது அசட்டுத் துணிச்சல். அளவையும் தெரிந்துகொள்ளுங்கள்: 1 ராய் 1,600 சதுர மீட்டர், 4 ஙான் சேர்ந்தது 1 ராய், ஏறத்தாழ இரண்டரை ராய் நம் ஓர் ஏக்கர்.

வயல் என்பதால் மண் கொட்டிச் சாலையைவிட மேடாக்கத்தான் வேண்டும். கொட்டிய மண்ணை ஒரு மழைக்காலம் முழுக்க இறுக விடுங்கள். மேஸ்திரி 'இறுகிவிட்டது' என்று மூன்றாம் மாதமே சொல்வார். கேட்டுக்கொண்டு தரை போட்டால் தூண்கள் நிற்கும், தரை மட்டும் இறங்கும். சுவரோரம் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு காணும். பொறுக்க முடியாவிட்டால் நிலத்துக்குள் இறங்கும் பைல் தூண்களை அடித்து, தரையையும் பீமின்மேல் தாங்கவிட்டுக் கட்டுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: கணவர் ஊர் ரோய் எட். நான் சைவம். அங்கே போனால் என்ன சொல்லிச் சாப்பாடு கேட்பது? இட்லிக்கு வழியுண்டா?

'மங்சாவிராட்' என்றால் இறைச்சி இல்லை என்று புரிந்துகொள்வார்கள், ஆனால் முட்டை வரும். மீன் நீரான 'நாம் ப்ளா'வை நிறையப் பேர் இறைச்சிக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. 'ஜே' என்று சொல்லுங்கள். முட்டை, மீன் நீர், பூண்டு, வெங்காயம் எல்லாம் விலகிவிடும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து கண்டால் அது ஜே கடை. பப்பாளிக்காய் சாலட் இடிக்கும் அம்மாவிடம் 'மாய் சை நாம் ப்ளா, மாய் சை ப்ளா ரா' (மீன் நீர் வேண்டாம், புளிக்கவைத்த மீன் வேண்டாம்) என்று இரண்டையும் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டால் மற்றது விழும். உரல் கழுவப்பட்டதா என்பது வேறு கேள்வி.

இட்லிக்கு அந்த ஊர்ச் சோறான ஒட்டரிசி ஆகாது, மாவு பசையாகிவிடும். 'காவ் ஜாவ்' கேளுங்கள், அதிலும் 'சாவ் ஹாய்' என்கிற கெட்டி ரகம். உளுந்தில்தான் ஏமாறுவார்கள்: சந்தையில் 'துவா தாம்' என்று கறுப்பாக இருப்பது காராமணி வகை, பொங்காது. கறுப்புத் தோல் பாசி என்ற பொருளில் 'துவா கியாவ் பியூ தாம்' என்று அவர்கள் சொல்வதே நம் உளுந்து. தோலோடு கிடைக்கும், ஊறவைத்துக் கசக்கிக் களையுங்கள். டிசம்பர், ஜனவரியில் ஈசான் எனும் வடகிழக்குப் பகுதி இரவுகள் குளிரும். மாவுப் பானையைப் போர்வையில் சுற்றி வைக்காவிட்டால் காலைப் பசியாறலுக்கு இட்லி இராது. சாம்பாருக்குப் பலகாரக்காரர்கள் வாங்கும் உடைத்த பாசிப்பருப்பு போதும். துவரம்பருப்பையும் சாம்பார்த் தூளையும் இங்கிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். கறிவேப்பிலைக் கன்று வேண்டாம், எல்லையில் செடிகளுக்கு விதி உண்டு.

ஆயர் ஈத்தாம் வாசகர்: கிராமத்து முறைப்படி கையில் நூல் கட்டிக் கல்யாணம் முடிந்தது. அடுத்த மாதம் குழந்தை. அம்போவில் பதிவது எப்போது?

இந்த வாரமே தம்பி. நூல் கட்டியது ஊருக்குக் கல்யாணம், சட்டத்துக்கு இல்லை. குழந்தை பிறக்கும்போது பெற்றோர் சட்டப்படி மணந்திருந்தால்தான் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பா வழியில் மலேசியக் குடியுரிமை. பிறந்த பிறகு பதிந்த தம்பதியின் வழக்கில் 2021இல் கூட்டரசு நீதிமன்றம் பிள்ளைக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அம்போவுக்குப் போகுமுன் நீங்கள் மணமாகாதவர் என்ற சான்றைப் பாங்காக்கிலுள்ள நம் தூதரகத்தில் பெற்று, தாய்லாந்து மொழியில் பெயர்த்து, அந்நாட்டு வெளியுறவு அமைச்சின் முத்திரை வாங்க வேண்டும். நாள் ஓடும், உடனே புறப்படுங்கள். அதன்பின் திருமணத்தை ஆறு மாதத்துக்குள் மலேசியப் பதிவிலும் ஏற்றிவிடுங்கள். குழந்தையை ஓராண்டுக்குள் பாங்காக் தூதரகத்திலோ சொங்க்லா துணைத் தூதரகத்திலோ பதியுங்கள்.

ஜெலுத்தோங் வாசகர்: மாமனார் வீட்டில் வெந்நீர் ஷவர் பொருத்தினேன். போட்டதும் வீடே இருட்டாகிறது.

மீட்டரின் முகத்தில் 5(15) என்று இருக்கும், பாருங்கள். அது 15 ஆம்பியருக்கு மேல் தாங்காது. 3,500 வாட் ஷவர் 220 வோல்ட்டில் தனியாகவே 16 ஆம்பியர் இழுக்கும். மின்சார வாரியத்தில் 15(45) மீட்டருக்கு எழுதிக் கொடுங்கள். இருட்டை விடப் பெரிய ஆபத்து, பல பழைய கிராமத்து வீடுகளில் எர்த் கம்பியே கிடையாது. 2.4 மீட்டர் எர்த் ராடு அடித்து, 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் மாட்டும்வரை அந்த ஷவரைத் தொடாதீர்கள்.

கோலாலம்பூர் வாசகி: சித்திரைப் புத்தாண்டுக்கு மாமியார் ஊரில் இருப்போம். என்ன செய்வது?

அது அவர்களுக்கும் சொங்க்ரான், ஏப்ரல் 13 முதல் 15 வரை. அரசு அலுவலகங்கள் மூடியிருக்கும், முத்திரை வேலைகளை முன்பே முடித்துவிடுங்கள். மாமனார் மாமியாரின் உள்ளங்கையில் மல்லிகை மிதக்கும் வாசனை நீரை ஊற்றி ஆசி வாங்க வேண்டும். தலையில் ஊற்றக் கூடாது. பூ அங்கேயே சந்தையில் கிடைக்கும்.