கேபின்ல ஆள் மாறுறது ஏன்?

சார் வணக்கம். ஒரு கான்ஃபரன்ஸ்ல ஹெட்போன்ல மொழிபெயர்ப்பு கேட்டேன். மேடைல பேசறவர் வாக்கியத்தையே முடிக்கல, அதுக்குள்ள கேபின்ல இருக்கறவங்க நம்ம மொழில சொல்லிட்டு வர்றாங்க. மூளைல மொழிய மாத்த ஸ்விட்ச் மாதிரி ஏதாவது இருக்கா? அரை மணிக்கு ஒருதரம் ஆள் வேற மாறினாங்க, இதுக்கே டயர்டான்னு ஃப்ரெண்ட் கிண்டல் பண்றான்.
– ஒரு வாசகர்

தம்பி,

ஸ்விட்ச் எல்லாம் கிடையாது. ரெண்டு மொழி தெரிஞ்சவங்க ஒண்ணுல பேசும்போதும் இன்னொண்ணு உள்ள முழிச்சுக்கிட்டேதான் இருக்கும், மத்த நேரத்துல மூளை அதை அடக்கி வச்சிடும், ஆனா கேபின்ல எதையும் முழுசா அடக்க முடியாது, ஒண்ணு காது வழியா உள்ள வந்துட்டே இருக்கணும், இன்னொண்ணு வாய் வழியா போயிட்டே இருக்கணும். ஜெனிவா யுனிவர்சிட்டில பல மொழி தெரிஞ்சவங்கள ஸ்கேன்ல படுக்க வச்சு இதை செய்யச் சொல்லிப் பாத்தாங்க. கேட்டதை அதே மொழில திருப்பிச் சொல்றப்ப இருக்கறத விட இதுல மூளைல காடேட் நியூக்ளியஸ்ங்கற பகுதி அதிகமா வேலை செஞ்சுது. கேக்கறதும் பேசறதும் எவ்ளோ நேரம் ஒண்ணா நடக்குதோ அதுக்கேத்த மாதிரி புட்டாமென்ங்கற இன்னொரு பகுதியோட வேலை ஏறி இறங்குச்சு. ரெண்டும் மூளையோட ஆழத்துல இருக்கு, கை கால் அசைவைக் கட்டுப்படுத்தறதுலயும் அதுங்களுக்குப் பங்கு உண்டு, அதாவது மொழிக்குன்னே இருக்கற இடங்கள் இல்ல. எனக்கு இது ரொம்ப பெரிய விஷயமா படுது.

நம்ம தமிழையே எடுத்துக்கோங்க. "இந்த ஒப்பந்தத்தை எங்கள் அரசு எந்தக் காலத்திலும் ஏற்க…" வரைக்கும் வந்தாச்சு, "தயார்"னு முடியுமா "தயாராக இல்லை"ன்னு முடியுமான்னு தெரியாது. இங்கிலீஷ்ல சொல்றவர் காத்திருக்கணும், இல்ல ஊகிக்கணும். ரெண்டு மூணு செகண்ட் பின்னாடி போறதுதான் வழக்கம், அதுக்கு மேல காத்திருந்தா அடுத்த வாக்கியம் தலைல வந்து விழும். நம்பர் வந்தா இன்னும் கஷ்டம், அதை ஊகிக்கவே முடியாது, பக்கத்துல இருக்கற பார்ட்னர் பேப்பர்ல எழுதிக் காட்டுவாங்க. ஓய்வு நேரம்னு நீங்க நினைக்கிற அந்த அரை மணிலயும் அவங்க வேலைலதான் இருக்காங்க. ரொம்ப நேரம் ஒருத்தரே பேசினா தப்பு கூடும், அதுல மோசம் என்னன்னா தப்பு வருதுன்னு அவங்களுக்கே தெரியாமப் போறதுதான்.

1945ல நாஜி தலைவர்கள் மேல நடந்த நியூரம்பர்க் விசாரணைல நாலு மொழில இப்படித்தான் மொழிபெயர்த்தாங்க. வேகமா பேசினா மஞ்ச லைட் எரியும், மெதுவா பேசணும், சிவப்பு எரிஞ்சா நிறுத்தணும். பேசறவங்க இறங்கி வந்தாதான் மூளை ஈடு கொடுக்கும்னு அப்பவே தெரிஞ்சிருக்கு, இன்னிக்கும் மேடைல கடகடன்னு பேப்பரைப் பாத்து வாசிக்கறவங்களப் பாத்தா எனக்குக் கோவம்தான் வருது.

உங்க ஃப்ரெண்ட ஒரு நியூஸ் போட்டு, கேக்க கேக்க வேற மொழில சொல்லச் சொல்லுங்க, நியூஸை நடுவுல நிறுத்தக்கூடாது. நீங்க என்னைக்காவது மேடை ஏறினா பேச்சை முந்தின நாளே கேபினுக்குக் குடுத்துடுங்க, பேரு, நம்பர் எல்லாம் சேத்து.