அப்பா விட்ட இடம்

கேள்வி: என் தகப்பனார் நாதஸ்வர வித்துவான். போன மாசியில் காலமானார். 1993இல் வீட்டில் வாசித்துப் பதிந்த கசெற் ஒன்று கிடைத்திருக்கிறது. தோடி ராக ஆலாபனை முழுதாக உண்டு. தியாகராசர் கீர்த்தனை அனுபல்லவியோடு நின்றுவிடுகிறது. ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, அதற்கடுத்த பகுதியான சரணத்தைக் கொம்பியூட்டரில் அப்பாவின் நாதத்திலேயே செய்வித்து, தவிலையும் புதிதாகப் போட்டு, ஆட்டைத் திவசத்துக்கு (முதலாண்டு நினைவுக்கு) 'அப்பாவின் கடைசிக் கச்சேரி' என்று வெளியிட நிற்கிறான். "ஏ.ஆர். ரஹ்மானே செய்யிறார், நாங்கள் செய்தால் என்ன?" என்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை.
– வாசகி, கோண்டாவில்

பதில்: தங்கச்சி, கீர்த்தனை நின்றதும் கசெற்றை நிற்பாட்டினீர்களா, மிச்சத்தையும் ஓட விட்டீர்களா? றெக்கோடிங் பார் (கசெற் பதிந்து கொடுக்கும் கடை) வைத்திருந்த காலத்தில் நான் முதலில் கேட்பது அந்த மிச்சத்தைத்தான். பக்கம் முடிந்து வாசிப்பு அறுந்ததா, "இது சரிவரேல்லை, விடு" என்று அவரே குழலை இறக்கினாரா என்பது அங்கேதான் இருக்கும். அவரே வேண்டாம் என்று விட்டதென்றால் இந்தப் பேச்சை இத்தோடு விடலாம்.

1993 என்கிறீர்கள். யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் இல்லாத காலம், பற்றறியும் தடை. சைக்கிளைக் கவிட்டு வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் கசெற் ஓடியிருக்கும். சுற்றுகிறவர் களைத்தால் நாடா மெதுவாகும். அப்படிப் பதிந்ததை இன்று சரியான வேகத்தில் போட்டால் அந்த இடத்தில் சுருதி ஏறும். இதைக் கொம்பியூட்டரில் நேராக்குவது தாராளமாகச் செய்யலாம். அப்பா வாசித்த சுருதி அதுதானே. இரைச்சலையும் கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் நடுவில் சீவாளி (நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு) மாற்றுகிற இடைவெளி வந்தால் தம்பி அதில் கை வைக்கக்கூடாது.

இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். தேவாரம் பாடும் ஒருவர் காலமாகி, அந்தியேட்டிச் சடங்குக்குக் கசெற் கேட்டு வந்தார்கள். ஒரு பதிகத்தின் கடைசிப் பாட்டு இல்லை. வேறொரு கோயிலில் அவர் பாடியதை வெட்டி ஒட்டினேன்; குரலும் அவருடையதுதான், சுருதியும் பொருந்தியது. போட்டுக் காட்டியபோது மனைவி சொன்னார்: "இதிலை அவர் செருமுவார், தம்பி. எங்கை அது?" செருமலை நான்தான் வெட்டியிருந்தேன். அன்று காசு வாங்கவில்லை.

ரஹ்மான் கதைக்கு வருவோம். 2024இல் 'லால் சலாம்' பாட்டொன்றில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவில் எழுப்பினார். குடும்பங்களிடம் கேட்டு, பணமும் கொடுத்து, அதை வெளியிலும் சொன்னார். (எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலைக் கேளாமல் பாவித்ததாகத் தெலுங்குப் படக்காரருக்குப் பாலசுப்பிரமணியத்தின் மகன் நோட்டீஸ் அனுப்பியதும் அதே வருடம்தான்.) அங்கே மெட்டு ரஹ்மானுடையது, அது நல்லதென்றாலும் கெட்டதென்றாலும் அவர் தலையில்தான் விழும். நாதஸ்வரத்தில் அப்படியில்லை. சரணத்தில் எந்தச் சங்கதியை (ஒரே வரியை மாற்றி மாற்றி வாசிக்கும் விதத்தை) எத்தனை தரம் திருப்புவார், எங்கே மூச்சு விடுவார் என்பதெல்லாம் அந்த நிமிடத்தில் அப்பாவின் மனோதர்மம், அவர் சொந்தக் கற்பனை. கொம்பியூட்டர் ஒரு பிடியைப் பிழையாகப் பிடித்தால் பழி அவர் பெயரில்தான் விழும். நான் வாசிக்கவில்லை என்று சொல்ல அவர் வரப்போவதில்லை.

இங்கிலாந்துப் பாட்டுக் குழுவான பீட்டில்ஸ்காரர் 2023இல் வெளியிட்ட கடைசிப் பாட்டைத் தம்பி கேட்டிருப்பார். அவர்களில் ஒருவரான, காலமாகிவிட்ட ஜோன் லெனன் 1970களில் வீட்டில் பாடி வைத்த கசெற் அது. 1995இல் மற்ற மூவரும் முயன்று, பியானோவுக்குள் குரல் புதைந்து கிடந்ததால் கைவிட்டார்கள். பிறகு குரலைப் பிரித்தெடுக்க இயந்திரம் உதவியது. மற்றவர்கள் தங்கள் வாத்தியத்தைத் தங்கள் பெயரில் சேர்த்தார்கள். லெனன் பாடாததை அவர் வாயில் வைக்கவில்லை.

இன்னொன்று. அந்தக் கசெற்றில் தவில் வாசித்தவர் யார்? புதுத் தவில் போட்டால் அவரை அழிக்கிறீர்கள். அவரிடமோ வீட்டாரிடமோ கேட்டீர்களா? தியாகராசர் 1847இல் காலமானவர், கீர்த்தனைக்கு உரிமைப் பிரச்சினை இல்லை. ஆனால் வாசித்தவர்களுக்கு நம் இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் 50 வருட உரிமை கொடுக்கிறது, தவில்காரருக்கும் சேர்த்துத்தான்.

அப்பாவிடம் படித்தவர் யாராவது சரணத்தை வாசிக்கட்டும், தன் பெயரைப் போட்டு. முதலில் அப்பா நிறுத்திய இடம் அப்படியே கேட்கவேணும். இரண்டு விநாடி வெறுமையாக விட்டு, பிறகு அவர் தொடங்கட்டும். 'கடைசிக் கச்சேரி' என்ற தலைப்பு வேண்டாம். அது வீட்டில் வாசித்தது.

கசெற்றை ஓட விடமுதல் நாடாவை அழுத்தும் அந்தச் சின்னக் கம்பளித் துண்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய கசெற்றுகளில் ஒட்டு விட்டுவிடும். தபாலில் ஒருவருக்கும் அனுப்ப வேண்டாம். கடைசிவரை ஓட விட்டு, அப்பா என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.