50 மணி நேரச் சான்றிதழுக்கு 12,500 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா?

கேள்வி: அம்பத்தூர் பக்கம் ஒரு தனியார் சிபிஎஸ்இ பள்ளியில் 9, 10-ஆம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். 11 வருட அனுபவம். மார்ச் மாதத்துக்குள் 50 மணி நேரப் பயிற்சிக்குச் சான்று காட்ட வேண்டும் என்று முதல்வர் சொல்லிவிட்டார். என்னிடம் இருப்பது 9 மணி நேரம்தான். சக ஆசிரியை மூலம் ஒருவர் அறிமுகமானார். 12,500 ரூபாய் கட்டினால் தேசிய அளவிலான 50 மணி நேரச் சான்றிதழ், கூடவே ஓர் ஆசிரியர் விருது, இன்னும் 40,000 கட்டினால் தொலைநிலையில் எம்.ஃபில். என்கிறார். கட்டலாமா? இல்லையென்றால் வரலாறும் குடிமையியலும் எடுக்கிறவர்களுக்கு உண்மையிலேயே உதவுகிற பயிற்சி எங்கே கிடைக்கும்?

கட்டாதீர்கள் டீச்சர். ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அது போனதாக நினைத்துக்கொண்டு மீதியையாவது காப்பாற்றுங்கள்.

முதலில் அந்த 50 மணி நேரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை, ஒவ்வோர் ஆசிரியரும் வருடத்துக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொடர் பயிற்சி எடுக்க வேண்டும் என்கிறது. சிபிஎஸ்இ அதை இரண்டாகப் பிரித்துக்கொண்டது. 25 மணி நேரம் சிபிஎஸ்இ வழியாகவோ அரசுப் பயிற்சி நிறுவனங்கள் வழியாகவோ. மீதி 25 மணி நேரம் உங்கள் பள்ளிக்குள்ளேயே, அல்லது பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் சகோதயா மாதிரியான குழுமங்களில். இதில் உங்கள் ஆள் எந்தப் பாதியில் வருகிறார்? அவர் சிபிஎஸ்இயும் இல்லை, அரசும் இல்லை, உங்கள் பள்ளியும் இல்லை. 'தேசிய அளவிலான' என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் காப்புரிமை கிடையாது, யார் வேண்டுமானாலும் தங்கச் சரிகைத் தாளில் அச்சடித்துக்கொள்ளலாம்.

முதல்வரிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த நிறுவனத்தின் சான்றிதழை இரண்டு பாதியில் எதில் சேர்த்துக்கொள்வீர்கள், எழுத்தில் தருவீர்களா?" எழுத்தில் என்றதும் பேச்சு மாறும். சில பள்ளிகளில் இந்தத் தரகர்களுக்கும் அலுவலகத்துக்கும் இடையே ஒரு புரிதல் இருக்கும். உங்கள் பள்ளியைச் சொல்லவில்லை, ஆனால் சக ஆசிரியை எப்படி அறிமுகப்படுத்தினார், அவருக்கு எத்தனை பேரைச் சேர்த்தால் எவ்வளவு தள்ளுபடி என்று விசாரித்துப் பாருங்கள்.

இப்போது விருது விஷயம். இதைச் சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியாது. ஜூலை மாதம் பிறந்தால் போதும், ஆசிரியர்களின் போனுக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்துச் செய்தி வரத் தொடங்கிவிடும். "தாங்கள் தேர்வு செய்யப்பட்டுள்ளீர்கள்." யார் தேர்வு செய்தார்கள், எதைப் பார்த்துத் தேர்வு செய்தார்கள் என்று ஒரு வரி இருக்காது, கீழே ஜிபே எண் மட்டும் இருக்கும். மாநில அரசு தருகிற டாக்டர் ராதாகிருஷ்ணன் விருதுக்கு யாரும் பணம் கட்டுவதில்லை. பணம் வாங்கிக்கொண்டு தருவது விருது அல்ல, சால்வை வியாபாரம். என்னோடு பயிற்சியாளராக இருந்த ஒருவர், பாடத்தில் கெட்டிக்காரர், ஒரு சங்கத்துக்கு 8,000 ரூபாய் கட்டிக் குடும்பத்தோடு ஒரு ஹாலுக்குப் போய், தனக்கு முன்னால் 140 பேர் வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டு, மேடை ஏறாமலே வீட்டுக்கு வந்துவிட்டார். கேடயம் கூரியரில் வந்தது. கூரியர் கட்டணமும் அவருடையதே. கௌரவ டாக்டர் பட்டம் விற்பவர்களும் இதே தெருவில் கடை போட்டவர்கள்தான்.

எம்.ஃபில். இன்னும் மோசம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் கொண்டுவந்த பிஎச்.டி. விதிகளிலேயே எம்.ஃபில். முடிவுக்கு வந்துவிட்டது. அது அங்கீகரிக்கப்பட்ட பட்டம் இல்லை, யாரும் சேர வேண்டாம் என்று 2023 டிசம்பரில் மறுபடியும் அறிவித்தார்கள். ஆக இன்றைக்கு ஒருவர் உங்களுக்குப் புதிதாக எம்.ஃபில். வாங்கித் தருகிறேன் என்றால் அவர் இல்லாத ரயிலுக்கு டிக்கெட் விற்கிறார். "மேற்படிப்பு முடித்தால் ஊக்க ஊதியம் வரும்" என்றும் சொல்லியிருப்பார். அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்குமே அந்த முன்ஊதிய உயர்வைத் தமிழக அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. தனியார் பள்ளியில் உங்களுக்கு எங்கிருந்து வரும்?

பணம் கேட்டாலே மோசடியா என்று கேட்பீர்கள். இல்லை. இந்த ஒரு இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் "பணம் கட்டாதீர்கள்" என்று சொன்னதை வைத்துக்கொண்டு போன வருடம் ஒரு ஆசிரியர் சிபிஎஸ்இயின் சொந்தப் பயிற்சியையே தவறவிட்டார். சிபிஎஸ்இ நடத்தும் திறன் வளர்ப்புப் பயிற்சிகளுக்குக் கட்டணம் உண்டு. அதன் பயிற்சித் தளத்தில் நீங்களோ உங்கள் பள்ளியோ பதிவு செய்து, அந்தத் தளத்திலேயே கட்டுவீர்கள், ரசீது அங்கேயே வரும், பயிற்சி ஒரு பள்ளியில் நேரிலோ ஆன்லைனிலோ நடக்கும், சான்றிதழும் அதே தளத்தில் கிடைக்கும். மத்திய அரசின் ஆன்லைன் படிப்புத் தளமான ஸ்வயத்தில் படிப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வு எழுத வேண்டும், தேர்வுக்குக் கட்டணம். இதுவும் தளத்திலேயே கட்டுவது. ஆக நீங்கள் பார்க்க வேண்டியது பணம் உண்டா இல்லையா என்பதை அல்ல, பணம் யார் கணக்கில் விழுகிறது என்பதை. தனி மனிதரின் போன் எண்ணுக்குப் போகிற எந்தக் கட்டணமும் பயிற்சிக் கட்டணம் கிடையாது. "நானே உங்களுக்காக சிபிஎஸ்இயில் கட்டிவிடுகிறேன் மேடம், லாகின் மட்டும் கொடுங்கள்" என்பவருக்கும் கொடுக்காதீர்கள். கட்டணம் உண்மையானதாகவே இருந்தாலும் நடுவில் அவருக்கு என்ன வேலை?

சரி, உங்களுக்கு இன்னும் 41 மணி நேரம் வேண்டும். செலவே இல்லாமல் தொடங்க வேண்டிய இடம் டிக்ஷா, மத்திய அரசின் ஆன்லைன் கல்வித் தளம். சிபிஎஸ்இயே அதில் தன் பெயரில் பயிற்சிகள் வைத்திருக்கிறது. மத்திய அரசின் ஆசிரியர் பயிற்சித் திட்டமான நிஷ்டாவின் பயிற்சிகளும் அங்கேதான் திறக்கும். அவை எப்போதும் திறந்தே இருக்காது, சேரவும் முடிக்கவும் தனித்தனி கடைசித் தேதிகள் உண்டு. வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சமைக்கப் போனால் சான்றிதழ் வராது. எல்லாப் பகுதியையும் முடித்து, கடைசி மதிப்பீட்டில் 70 சதவீதம் வாங்க வேண்டும்.

ஒரு வயிற்றெரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். உயர்நிலை ஆசிரியர்களுக்கென்று வந்த நிஷ்டா 2.0-இல் ஓர் ஆசிரியர் முடிக்க வேண்டியது 13 பாடத் தொகுதிகள். அதில் 12 எல்லாருக்கும் பொது. மீதி ஒன்றே ஒன்றுதான் சமூக அறிவியல். வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளாதாரம் நான்கும் அந்த ஒன்றுக்குள். தலைமைப் பண்பு, மனநலம், தகவல் தொழில்நுட்பம் எல்லாம் தேவைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் பிரெஞ்சுப் புரட்சியை இரண்டு பீரியடில் எப்படி எடுப்பது என்று தவிக்கிற ஒருவரை வருடா வருடம் உட்காரவைத்து "கற்றலின் மகிழ்ச்சி" என்று படம் காட்டினால் அவர் தரகரிடம் போகாமல் எங்கே போவார்?

அதனால் அரசு கணக்கு 25-ஐ டிக்ஷாவிலும் சிபிஎஸ்இ பயிற்சியிலும் முடித்துக்கொண்டு, பள்ளிக்குள் செய்ய வேண்டிய 25-ஐ உங்கள் பாடத்துக்கென்று பிடுங்கிக்கொள்ளுங்கள். இதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில். பெரும்பாலான பள்ளிகளில் அந்த 25 மணி நேரம் சனிக்கிழமை மீட்டிங்கிலும் கையெழுத்திலும் கரைந்துபோகிறது. முதல்வரிடம் ஒரு பக்கத்தில் திட்டம் எழுதிக் கொடுங்கள், நானும் இன்னும் மூன்று சமூக அறிவியல் ஆசிரியர்களும் இந்த இடத்துக்குப் போகிறோம், இந்தப் பாடத்துக்காகப் போகிறோம், வந்து மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் எடுத்துச் சொல்கிறோம் என்று. தேதி, நேரம், வருகைக் கையெழுத்து, குறிப்பு நான்கும் இருந்து, முதல்வரும் முன்கூட்டியே ஒப்புதல் தந்துவிட்டால் அது பயிற்சிதான்.

சென்னையில் இருந்துகொண்டு இடத்துக்கா பஞ்சம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது, அமராவதிச் சிற்பங்களை ஒரு மத்தியானம் முழுக்கப் பார்க்கலாம். புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளே உள்ள அருங்காட்சியகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஆட்டோவுக்குச் செலவழித்துவிட்டுப் பூட்டைப் பார்த்துத் திரும்பாதீர்கள். பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு தொடங்கிய இடம் உங்கள் மாணவர்கள் புறநகர் ரயிலில் தாண்டிப் போகிற ஸ்டேஷன். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது, பழைய பத்திரிகைகளைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கே. எழும்பூரில் 1909-இலிருந்து ஆவணக் காப்பகம் இருக்கிறது, கம்பெனி காலத்துக் காகிதங்கள் அடுக்கடுக்காக. வரலாற்று ஆசிரியர் பயிற்சி என்றால் அங்கே ஒரு நாள் கூட்டிக்கொண்டு போகலாம் என்று என் பணிக்காலம் முழுக்க ஓர் அதிகாரிக்குக்கூடத் தோன்றவில்லை. தோன்றிய எனக்கு, வேன் வாடகைக்குச் செலவுக் கணக்கில் தலைப்பு இல்லை என்று கோப்பு திரும்பி வந்தது.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் உத்திரமேரூருக்குப் போங்கள். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் அம்பத்தூர் திரும்பலாம். குடவோலை முறை நம் எல்லோருக்கும் மனப்பாடம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அந்தக் கல்வெட்டுகளின் முன்னால் நின்று, கையில் அச்சிட்ட வாசகத்தை வைத்துக்கொண்டு வரி வரியாகப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலம், 919-லும் 921-லும் வெட்டியவை. நான் ஒரு குழுவை அழைத்துப் போனபோது, திருவள்ளூர் பக்கத்து ஆசிரியை ஒருவர் கேட்டார்: "சார், இதில் யார் பெயரை ஓலையில் எழுதவே முடியாது?" அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் யாரும் சாப்பிடக்கூடப் போகவில்லை. வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35-லிருந்து 70-க்குள் வயது, வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிரம்மதேய ஊர், பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுத்தது. பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அந்தக் குடத்தில் இடமில்லை. அதே கல்லில், கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் நிற்கக் கூடாது என்றும் இருக்கிறது. "உலகின் முதல் ஜனநாயகம்" என்று ஒரு வரியில் முடித்துவந்த பாடம் அன்றைக்கு அவர்களுக்கு வரலாறாகவும் குடிமையியலாகவும் ஒரே நேரத்தில் திறந்தது.

குடிமையியலுக்கு இன்னும் சுலபம். கிராம சபை என்று பாடம் எடுக்கிறோம், சென்னைக்காரர் யாரும் அதைப் பார்த்திருக்க மாட்டார். மாநகராட்சியில் பகுதி சபைக் கூட்டம் இருக்கிறது, உங்கள் வார்டில் எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேட்டுப் போய் உட்காருங்கள். 1688-இல் தொடங்கிய மாநகராட்சி, 200 வார்டு என்பதெல்லாம் அங்கே கழிவுநீர்ப் புகாரோடு சேர்த்துக் கேட்டால் மறக்காது. பள்ளியில் வாக்காளர் கல்விக் குழு இருந்தால் அதன் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே ஒரு பட்டயம் வேண்டும், அந்த 40,000-ஐப் படிப்புக்குத்தான் செலவழிப்பேன் என்றால், தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் கல்வெட்டியல், தொல்லியல் பட்டயப் படிப்புக்கு அறிவிப்பு வருகிறதா என்று பாருங்கள். ஓர் ஆண்டு, வார இறுதி வகுப்பு, வேலை பார்ப்பவர்களும் சேர்கிறார்கள். உங்கள் தரகர் சொன்ன தொகையில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. மத்திய அரசின் கலாச்சார வளங்கள் மற்றும் பயிற்சி மையம் 1979-இலிருந்து ஆசிரியர்களுக்கு நல்ல பயிற்சி தருகிறது, ஆனால் உங்களை ஒரு கல்வி அதிகாரி பரிந்துரைத்து அனுப்ப வேண்டும். அந்தக் கடிதம் எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கும் என்று சொல்லத் தொடங்கினால் உங்கள் மார்ச் முடிந்துவிடும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டிக்ஷாவில் உள்ளே போய் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நிறையப் பேர் அவசரத்தில் "கவி மேம்" என்றோ பையன் பெயரிலோ பதிந்து வைத்திருப்பார்கள், சான்றிதழிலும் அப்படியே அச்சாகிவிடும். அப்புறம் அது நீங்கள்தான் என்று பள்ளி அலுவலகத்துக்கு நிரூபிப்பதற்கு 50 மணி நேரத்துக்கு மேல் ஆகும்.