வியன்னாவின் நிலவறைச் சாப்பாடு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வியன்னாவில் பழைய நிலவறைகளில் நடக்கும் உணவகங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது? முன்பதிவு தேவையா?

பெயரின் முடிவில் 'கெல்லர்' என்று வந்தால் நிலவறை. ஆனால் எல்லாம் ஒரே ரகம் இல்லை. 1899-இல் திறந்த ராட்ஹவுஸ்கெல்லர், நகரமன்றக் கட்டடத்துக்கு அடியில் இருக்கிறது. ஓவியம் தீட்டிய பெரிய கூடங்கள், சாவகாசமான பரிமாறல். ஹார்ஹோஃப் சந்தில் 1683-இல் தொடங்கிய எஸ்டர்ஹாஸிகெல்லரும், சோனென்ஃபெல்ஸ் தெருவின் ஸ்வோல்ஃப் அப்போஸ்டெல் கெல்லரும் ஒயின் விடுதி மரபில் வந்தவை. தாழ்ந்த செங்கல் வளைவுகள், மர பெஞ்சுகள், கூச்சல். நிதானமாகப் பேசிச் சாப்பிட நினைப்பவர்களுக்கு முதல் ரகமே சரி. இரண்டாவதில் வளைகூரை ஒவ்வொரு சிரிப்பையும் இரட்டிப்பாக்கித் திருப்பி அனுப்பும்.

வெள்ளி, சனி இரவுகளிலும் கிறிஸ்துமஸ் சந்தைகள் நடக்கும் டிசம்பரிலும் முன்பதிவு கட்டாயம். அப்போதே இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, அடுப்பு எத்தனை மணிக்கு அணையும். கதவு பூட்டும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி முன்பே சமையல் நின்றுவிடுவது சகஜம். இன்னொன்று, மேஜை எந்தத் தளத்தில். மதில் சூழ்ந்த பழைய நகரில் பக்கவாட்டில் விரிய இடமில்லாமல் கீழ்நோக்கித் தோண்டியதால், சில நிலவறைகள் இரண்டு மூன்று அடுக்கு ஆழம் போகும். முட்டிவலிக்காரர்களும் குழந்தை வண்டியோடு வருபவர்களும் லிஃப்ட் இருக்கிறதா என்று விசாரிக்காமல் கிளம்ப வேண்டாம். கீழே செல்போன் சிக்னல் கிடைக்காமல் போகலாம். மொழிபெயர்ப்புச் செயலியில் ஜெர்மனை முன்பே இறக்கி வையுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம். மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்தின் பக்கத்திலும் சில எழுத்துகள் இருக்கின்றனவே, அதைப் பார்த்து முடிவு செய்யலாமா?

கூடாது. அந்த எழுத்துகள் ஒவ்வாமைக்கு மட்டும்: ஏ என்றால் கோதுமை போன்ற தானியம், சி முட்டை, ஜி பால், எல் செலரி, எம் கடுகு. இறைச்சிக்கும் எலும்புச் சாறுக்கும் பன்றிக் கொழுப்புக்கும் எழுத்தே கிடையாது.

ஆஸ்திரியச் சமையலில் சைவர்களுக்குச் சிக்கல் துண்டுகளில் இல்லை, திரவத்தில் இருக்கிறது. எர்டெப்ஃபெல்சாலட் என்ற உருளைக்கிழங்கு சாலட் பார்வைக்குச் சுத்த சைவம். ஆனால் வியன்னா பாணியில், வெந்த கிழங்கைச் சூட்டோடு வெட்டி, சூடான மாட்டிறைச்சிச் சாறு, வினிகர், கடுகு, எண்ணெய் ஊற்றிக் கலப்பார்கள். கிழங்கு சாற்றை உறிஞ்சி மாவுச்சத்தை விடுவதால்தான் மயோனைஸ் இல்லாமலே அது கொழகொழப்பாகிறது. தோசைத் துண்டுகள்போல அப்பத்தை நறுக்கிப் போட்ட ஃப்ரிட்டாட்டென் சூப்பும் அதே மாட்டுச் சாறுதான். சவர்க்ரவுட் என்ற புளித்த முட்டைக்கோஸில் பன்றிக் கொழுப்போ ஷ்பெக் எனும் உப்பிட்ட பன்றியிறைச்சியோ சேர்வது வழக்கம். ரொட்டி உருண்டையான ஸெம்மெல்க்னோடெலிலும் ஷ்பெக் இருக்கலாம்.

'வெகெடாரிஷ்' என்று மட்டும் சொன்னால், துண்டு இல்லை என்பதோடு சிலர் நின்றுவிடுவார்கள். "ஒனெ ஃப்ளைஷ், ஒனெ ஷ்பெக், ஒனெ ரிண்ட்சுப்பெ" (இறைச்சி, ஷ்பெக், மாட்டுச் சாறு இல்லாமல்) என்று பிரித்துக் கேளுங்கள். பொரித்ததானால் எந்தக் கொழுப்பு என்பதையும் கேட்க வேண்டும். புட்டர்ஷ்மால்ட்ஸ் என்றால் நம் நெய். வெறும் ஷ்மால்ட்ஸ் என்றால் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. மாவில் தோய்த்துப் பொரித்த காளானும் ஷ்னிட்செல் என்ற ரொட்டித்தூள் புரட்டிய இறைச்சித் துண்டு பொரிந்த அதே சட்டியில் இறங்கியிருக்கக்கூடும்.

முட்டை சாப்பிடுபவர்களுக்கு வழி நிறைய: வறுத்த வெங்காயம் தூவிய கேஸ்ஷ்பெட்ஸ்லெ (சீஸ் கலந்த மாவுத் துணுக்குகள்), பச்சை சாலட்டோடு வரும் ஐயர்நொக்கெர்ல் (முட்டை கலந்த மாவுத் துணுக்குகள்), உருக்கிய வெண்ணெயில் கீரை உருண்டை. முட்டையும் ஆகாதென்றால் பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும். பார்ஸ்லி தூவிய உருளைக்கிழங்கு, சாலட், கம்பு ரொட்டியோடு லிப்டவர் என்ற மிளகாய்த்தூள் கலந்த தயிர்க்கட்டி விழுது. இந்த விழுதில் நெத்திலி சேர்ப்பவர்களும் உண்டு, கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மாட்டிறைச்சி மட்டும் வேண்டாம். வீனர் ஷ்னிட்செல் சாப்பிடலாமா?

கூடாது. வெறும் 'வீனர் ஷ்னிட்செல்' என்று எழுதியிருந்தால் அது கன்றிறைச்சிதான். ஆஸ்திரிய உணவு விதி அப்படி. பன்றி என்றால் 'ஃபொம் ஷ்வைன்' என்று சேர்த்து எழுத வேண்டும். கூலாஷ், டாஃபெல்ஷ்பிட்ஸ், ஸ்வீபெல்ரோஸ்ட்பிராட்டென் மூன்றும் மாடு. கோழி வேண்டுமானால் பக்ஹெண்டெல் கேளுங்கள். தொட்டுக்கொள்ள அந்த மாட்டுச் சாற்று சாலட்டே வரும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: நல்ல ஷ்னிட்செலை எப்படி அடையாளம் காண்பது?

மேல்தோல் இறைச்சியோடு ஒட்டாமல் அலையலையாக உப்பியிருக்க வேண்டும். கத்தியை இறக்கினால் தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவே காற்று இடைவெளி தெரியும். இறைச்சியை 4 மில்லிமீட்டர் அளவுக்குத் தட்டி, மாவு, முட்டை, ரொட்டித்தூள் என்ற வரிசையில் புரட்டி, உடனே 160–170 டிகிரி கொழுப்பில் மிதக்கவிட்டு, சட்டியை ஆட்டிக்கொண்டே இருப்பார்கள். சூடான கொழுப்பு மேலே புரள்வதால்தான் தோல் எழும்புகிறது. தூளைக் கையால் அழுத்தினாலோ, புரட்டி வெகுநேரம் வைத்தாலோ உப்பாது. சூடு குறைந்தால் எண்ணெய் குடிக்கும். எலுமிச்சை போதும், குழம்பு ஊற்றினால் இத்தனை பாடும் வீண்.

கேள்வி: குடிக்க என்ன? ஒயின் அளவு புரியவில்லை.

'ஆஹ்டெல்' என்றால் 125 மில்லி, 'ஃபியர்டெல்' என்றால் 250. பாதிக்குப் பாதி சோடா கலந்தது கெஷ்பிரிட்ஸ்டர். செப்டம்பர், அக்டோபரில் 'ஷ்டுர்ம்' கிடைக்கும்: பாதி நொதித்த திராட்சைச் சாறு, கலங்கலாக, இனிப்பாக. பழரசம்போல இறங்கினாலும் அதில் மது உண்டு. குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து வருவது. அந்தக் குழாய்வழி 1873-இல் திறக்கப்பட்டது. 'லைட்டுங்ஸ்வாஸர்' என்று கேளுங்கள், இல்லையேல் பாட்டில் வரும். குழாய்த் தண்ணீருக்கும் சில இடங்களில் காசு உண்டு.

கேள்வி: பில்லும் டிப்ஸும்?

நீங்கள் கேட்காமல் பில் வராது. அலட்சியம் என்று நினைக்க வேண்டாம், விரட்டக்கூடாது என்பதுதான் காரணம். மேஜைமேல் இருக்கும் ரொட்டிக் கூடை பல இடங்களில் இலவசமில்லை, எடுத்த எண்ணிக்கைக்குக் காசு. தனித்தனியாகக் கட்டுவதென்றால் 'கெட்ரென்ட்' என்று முதலிலேயே சொல்லுங்கள். டிப்ஸ் 5 முதல் 10 சதவீதம். மேஜையில் வைத்துவிட்டுப் போகாமல் மொத்தத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பில் 46.40 யூரோ என்றால் "ஐம்பது". கார்டானால், அவர் இயந்திரத்தில் தொகையைத் தட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நோட்டை நீட்டும்போதே 'டாங்கெ' என்று நன்றி சொல்லாதீர்கள்: மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். 100 யூரோ நோட்டில் அது கனமான டிப்ஸ்.